முடிவுறாத கொரியப் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர்களும் பாடல்களும் நம் வீடுகளுக்குள் வந்தபிறகு, அந்த நாட்டின் பிரிவினையைப் பற்றிய கேள்விகளும் கூடவே வருகின்றன. மாணவர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஏவுகணைச் செய்திகள் தினமும் கிடைக்கின்றன. அதனால் 70 ஆண்டுகள் கழிந்தும் அந்தப் போர் மனிதர்களின் வாழ்க்கையில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதற்கே இதில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கொரியப் போர் முடிந்துவிட்டதா, இல்லையா?

சண்டை நின்றது. போர் சட்டப்படி முடியவில்லை. 1953 ஜூலை 27 அன்று இரு கொரியாக்களின் எல்லையில் உள்ள பன்முன்ஜோமில் கையெழுத்தானது வெறும் போர்நிறுத்த ஒப்பந்தம். அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. படை, வட கொரியா, சீனத் தன்னார்வப் படை ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்டன. தென் கொரியாவின் அன்றைய குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ கையெழுத்திட மறுத்துவிட்டார். நாடு முழுவதையும் ஒன்றாக்காமல் போரை நிறுத்தக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். நிரந்தர அமைதிக்காக 1954-இல் ஜெனீவாவில் கூடிப் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2018 ஏப்ரலில் இரு நாட்டுத் தலைவர்களும் அதே பன்முன்ஜோமில் சந்தித்து, அந்த ஆண்டுக்குள் போரை முடித்து அறிவிப்போம் என்றார்கள். அதுவும் நடக்கவில்லை.

நாட்டைப் பிரித்தது போர்தானா?

கோடு போருக்கு முன்பே வந்துவிட்டது. 35 ஆண்டுகள் கொரியாவை ஆண்ட ஜப்பான் 1945 ஆகஸ்டில் சரணடையும் நிலைக்கு வந்தபோது, வடக்கே சோவியத் படை இறங்கிக்கொண்டிருந்தது. வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்ல்ஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் இரவோடிரவாக ஒரு வரைபடத்தைப் பார்த்து, 38-ஆவது அட்சரேகையை எல்லையாகப் பரிந்துரைத்தார்கள். சோவியத் யூனியனும் ஒத்துக்கொண்டது. கொரியர்கள் யாரையும் கேட்கவில்லை. தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். 1948-இல் வடக்கில் சோவியத் ஆதரவு பெற்ற கம்யூனிஸ்ட் அரசு, தெற்கில் அமெரிக்க ஆதரவு பெற்ற அரசு என்று இரண்டு அரசுகள் உருவாகிவிட்டன.

ஆனாலும் அந்தக் கோட்டைக் கடக்கவே முடியாததாக ஆக்கியது போர்தான் என்பது என் உறுதியான எண்ணம். 1950-க்கு முன்பு கெடுபிடி இருந்தும் மக்கள் கோட்டைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தார்கள். 1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை தெற்கே நுழைந்தபிறகு ஊருக்குள் ஊர்க்காரனையே காட்டிக்கொடுப்பதும் கொல்வதும் நாடெங்கும் பரவியது. தென் கொரியத் தலைநகர் சோல் ஒன்பதே மாதத்தில் நான்கு முறை கை மாறியது. ஒவ்வொரு முறையும், முந்தைய ஆட்சிக்குச் சோறு போட்டவர் யார் என்று தேடிப் பிடித்துத் தண்டித்தார்கள். வரைபடத்தில் போட்ட கோட்டை அழித்துவிடலாம். இந்தப் பகையை அப்படி அழிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த இடத்தில் நின்ற எல்லை பழைய 38-ஆவது அட்சரேகை கிடையாது. போருக்கு முன் தெற்கில் இருந்த கேசோங் நகரம் வடக்கிற்குப் போனது. வடக்கில் இருந்த சொக்சோவும் சோர்வோனும் தெற்கிற்கு வந்தன. வீட்டை விட்டு ஓர் அடி நகராதவர்களுக்குக்கூட நாடு மாறிப்போனது.

எவ்வளவு பேர் இறந்தார்கள்?

20 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பெரும்பகுதி பொதுமக்கள். கொரியாவின் மீது அமெரிக்க விமானங்கள் 6,35,000 டன் குண்டுகளைப் போட்டன. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் போர்முனை முழுவதிலும் போட்டதைவிட இது அதிகம். அதில் 32,000 டன்னுக்கு மேல் நாபாம் என்ற தீக்குண்டுகள். வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் நிமிர்ந்து நின்ற கட்டடங்கள் மிகச் சில. அந்த மூன்று ஆண்டுகளை வட கொரிய அரசு இன்றுவரை தன் மக்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பதுங்குகுழியும் அணுகுண்டும் எங்கிருந்து வந்தன என்று புரிந்துகொள்ள இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொள்வதால் அந்த ஆட்சியின் கொடுமை நியாயமாகிவிடாது.

பிரிந்த குடும்பங்கள் என்கிறார்களே, அது எப்படி நேர்ந்தது?

பெரும்பாலும் ஒரு சில நாட்களில் எடுத்த முடிவுகளால். 1950 இறுதியில் வட கொரியாவுக்கு ஆதரவாகச் சீனப் படை வந்தபோது வடக்கிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே ஓடினார்கள். ஆண்களைப் படையில் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பயந்து பல வீடுகளில் அப்பாவோ மூத்த மகனோ மட்டும் கிளம்பினார்கள். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பினார்கள். கிழக்குக் கரையில் ஹங்னாம் துறைமுகத்திலிருந்து 1950 டிசம்பரில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைக் கப்பலில் ஏற்றினார்கள். மெரிடித் விக்டரி என்ற ஒரே சரக்குக் கப்பலில் மட்டும் 14,000 பேர். வழியில் கப்பலிலேயே ஐந்து குழந்தைகள் பிறந்தன. பின்னாளில் தென் கொரியக் குடியரசுத் தலைவரான மூன் ஜே-இன்னின் பெற்றோரும் அந்தக் கப்பலில் வந்தவர்கள்தான்.

வந்தவர்களில் ஹம்கியோங் மாகாணத்துக்காரர்கள் சிலர் சொக்சோ கடற்கரையில் மணல் திட்டில் குடிசை போட்டார்கள். வடக்கிற்கு மிக அருகில் இருக்க வேண்டும், வழி திறந்ததும் முதலில் போய்விட வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் குடியிருப்பு இன்றும் அபாய் கிராமம் என்ற பெயரில் இருக்கிறது. மணலில் கட்டிய தற்காலிகக் குடிசைகள் மூன்று தலைமுறைக்கு ஊராகிவிட்டன.

தெற்கிற்குள்ளேயே தொலைந்தவர்களும் ஏராளம். 1983 ஜூன் 30 அன்று தென் கொரியாவின் பொதுத் தொலைக்காட்சியான கே.பி.எஸ்., பிரிந்தவர்களைத் தேடும் நிகழ்ச்சி ஒன்றை ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் என்று நினைத்தது நவம்பர் வரை நீண்டு, மொத்தம் 453 மணி நேரம் ஒளிபரப்பானது. பெயரும் ஊரும் எழுதிய அட்டைகளை ஏந்திக்கொண்டு மக்கள் தொலைக்காட்சி நிலையத்தின் முன் குவிந்தார்கள். 10,000-க்கும் அதிகமான குடும்பங்கள் சேர்ந்தன. பக்கத்து நகரத்தில் இருந்த தங்கையை 30 ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. அந்தப் பதிவுகள் 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

வடக்கில் இருக்கும் உறவுகளைப் பார்ப்பதற்கு வழி கிடைத்தது மிகக் கொஞ்சம். 1985-இல் ஒரு முறை. பிறகு 2000 முதல் 2018 வரை 21 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கத்திற்குச் சுமார் 100 பேர்தான். கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று நாள் நிகழ்ச்சியில் சேர்ந்து இருக்கக் கிடைப்பது மொத்தம் 12 மணி நேரம் போல. அதன்பின் பேருந்து ஜன்னலுக்கு உள்ளும் வெளியுமாகக் கையை வைத்துப் பிரிவார்கள். ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறு வாய்ப்பு கிடையாது. பார்த்துவிட்டு வந்தபின் நிம்மதி போய்விட்டது என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு இதில் வியப்பில்லை. 60 ஆண்டு ஏக்கத்தை அரசு அதிகாரிகள் சுற்றி நிற்க ஒரு விருந்து மேசையில் எப்படித் தீர்க்க முடியும்?

ஒரு கடிதம்கூடப் போட முடியாதா?

முடியாது. தபால், தொலைபேசி, இணையம் எதுவும் சாதாரண மக்களுக்கு இல்லை. அண்மை ஆண்டுகளில் தெற்கிற்குத் தப்பி வந்தவர்கள், சீன எல்லையில் கடத்தல் கைபேசிகளை வைத்திருக்கும் இடைத்தரகர்கள் மூலம் பேசுகிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். தரகர்கள் பெரும் பங்கைக் கழித்துக்கொள்வார்கள். பிடிபட்டால் வடக்கில் இருப்பவர்களுக்குச் சிறை. 1950-இல் பிரிந்த முதியவர்கள் பெரும்பாலானவர்களுக்கு, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு எப்படிச் சடங்கு செய்வது என்பது கொரியக் குடும்பங்களில் உண்மையான கேள்வி. அங்கே முன்னோர் வழிபாடு முக்கியம். திதி தெரியாதவர்களுக்கு நாம் மகாளய அமாவாசையில் கொடுப்பது போல, அவர்கள் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளில் படைப்பது உண்டு. எல்லைக்குப் பக்கத்தில் இம்ஜின்காக்கில் 1985-இல் ஒரு பலிபீடமே கட்டினார்கள். புத்தாண்டுக்கும் சூசோக் அறுவடைத் திருநாளுக்கும் வடக்கே பிறந்தவர்கள் அங்கே வந்து, ஊர் இருக்கும் திசையைப் பார்த்து விழுந்து வணங்குவார்கள்.

எதிர்ப்பக்கத்தில் சொந்தக்காரர் இருப்பது குற்றமாக இருந்ததா?

இரண்டு பக்கத்திலும் இருந்தது. இதைப் பற்றி வெளியே குறைவாகவே பேசுகிறார்கள்.

வடக்கில் ஒவ்வொரு குடும்பத்தின் பூர்வீகத்தையும் பதிந்துவைத்து, விசுவாசிகள், ஊசலாடுபவர்கள், எதிரிகள் என்று தரம் பிரித்தார்கள். போரில் ஒருவர் தெற்கே போயிருந்தால், விட்டுப்போன மனைவி மக்கள் கீழ்த்தட்டுதான். நல்ல கல்லூரி, கட்சிப் பொறுப்பு, தலைநகரில் வீடு எதுவும் பேரன் வரைக்கும் கிடைக்காது.

தெற்கில் கதை வேறு மாதிரி ஓடியது. போர் ஆரம்பித்த உடனேயே, முன்பு இடதுசாரிகள் என்று பதிவு செய்யப்பட்டிருந்த பொதுமக்களை அரசுப் படைகள் விசாரணை இல்லாமல் கொன்றன. போதோ லீக் படுகொலை என்று இதைச் சொல்வார்கள். பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அழக்கூட அஞ்சி வளர்ந்தார்கள். அப்பா வடக்கே போனவர் என்றோ சிவப்பு, அதாவது கம்யூனிஸ்ட், என்றோ காவல்துறைக் கோப்பில் இருந்தால், மகனுக்கு அரசு வேலை கிடையாது, ராணுவக் கல்லூரி கிடையாது, வெளிநாடு போக அனுமதி கிடையாது. உறவினரின் செயலுக்காக ஒருவருக்குப் பாதிப்பு வரக் கூடாது என்று 1980 அரசியலமைப்புதான் எழுதிவைத்தது. ஊல்சான் வட்டாரத்தில் நடந்த கொலைகளுக்காக 2008-இல் குடியரசுத் தலைவர் ரோ மூ-ஹியூன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் பெரும்பாலான விதவைகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1948-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. வடக்கைப் புகழ்ந்து பேசினால்கூட வழக்குப் போடலாம். 2023-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. கிம் சுன்-மியோங் என்பவர் கருத்தை மாற்றிக்கொள்ள மறுத்ததற்காக 1995 வரை 43 ஆண்டுகளுக்கு மேல் தென் கொரியச் சிறையில் இருந்தார். தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் உள்ள ஒரு நாட்டில் இது நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

பி.டி.எஸ். பாடகர்கள் ஏன் ராணுவத்துக்குப் போனார்கள்?

அதே போரினால்தான். தென் கொரியாவில் உடல் தகுதி உள்ள எல்லா ஆண்களும் கட்டாயமாகப் பணியாற்ற வேண்டும். தரைப்படை என்றால் இப்போது 18 மாதம். அந்தக் குழுவின் ஜின் 2022 டிசம்பரில் போனார், மற்றவர்கள் அடுத்தடுத்து. வடக்கில் இது இன்னும் பல மடங்கு நீளம், ஆண்களுக்கு எட்டு ஆண்டுக்கும் மேல் போகும்.

ராணுவத்தோடு நிற்கவில்லை. 1968 ஜனவரியில் வட கொரிய அதிரடிப் படையினர் 31 பேர் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள். ஒற்றர்களைக் கண்டுபிடிக்க, அதே ஆண்டு எல்லாக் குடிமக்களுக்கும் பதிவு எண் கொடுத்தார்கள். இன்று ஒரு தென் கொரியர் வங்கிக் கணக்கு திறக்கவும் மருத்துவமனையில் பதியவும் சொல்லும் எண் அப்படி வந்ததுதான்.

போர் அநாதைகள் என்ன ஆனார்கள்?

வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுத்தார்கள். போர் முடிந்தபோது தொடங்கியது, முதலில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த குழந்தைகள், ஆதரவற்றவர்கள். போர் அநாதைகள் பெரியவர்களானபின் அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மணமாகாத தாய்மாரின் குழந்தைகள், ஏழைகளின் குழந்தைகள் என்று பல பத்தாண்டுகள் தொடர்ந்து 1.4 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் போனார்கள். பெற்றோர் இருந்தும் அநாதை என்று தாளில் எழுதி அனுப்பியதும் நடந்தது. இதில் அரசு மனித உரிமைகளை மீறியது என்று தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் அறிவித்தது.

எல்லை எப்படி இருக்கும்?

4 கிலோமீட்டர் அகலம், ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நீளம். ராணுவமற்ற மண்டலம் என்று பெயர், இரண்டு ஓரங்களிலும் உலகத்திலேயே அதிக ஆயுதம் குவிந்த இடம். உள்ளே கண்ணிவெடிகள். மனிதர் நடமாட்டம் இல்லாததால் காடு வளர்ந்துவிட்டது. சோர்வோன் வயல்களுக்குக் குளிர்காலத்தில் செங்கொண்டைக் கொக்குகள் வருகின்றன. இதை அமைதியின் பரிசு என்று சுற்றுலா விளம்பரங்கள் எழுதும்போது எனக்குக் கோபம் வரும். தென் கொரியத் தரப்பில் மட்டும் 1,20,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் உடல்கள் இன்னும் கிடைக்கவில்லை. அவற்றில் பல அந்தக் காட்டுக்கு அடியில்தான் கிடக்கின்றன.

கடலில் இன்னும் சிக்கல். போர்நிறுத்த ஒப்பந்தம் மேற்குக் கடலில் எல்லை வகுக்கவில்லை. 2010-இல் யோன்பியோங் தீவின் மீது வடக்கு பீரங்கியால் சுட்டதும் நான்கு பேர் இறந்ததும் அந்த விட்டகுறையால்தான்.

வடக்கு எப்போதும் ஏழையாகத்தான் இருந்ததா?

இல்லை. ஜப்பானியர் கட்டிய அணைகளும் கனரகத் தொழிற்சாலைகளும் வடக்கில்தான் இருந்தன. 1948 மே மாதம் வடக்கு மின்சாரத்தை நிறுத்தியதும் தெற்கு இருளில் மூழ்கியது. 1970-கள் தொடங்கும் வரை வடக்கு பின்தங்கிவிடவில்லை. சோவியத் உதவி நின்றபின் 1990-களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் இறந்தார்கள். இன்று தெற்கில் ஒருவரின் சராசரி வருமானம் வடக்கில் உள்ளவரைவிட ஏறக்குறைய 30 மடங்கு. தப்பி வந்த 34,000 பேரும் இந்த இடைவெளியைத் தங்கள் உடம்பிலேயே உணர்கிறவர்கள். உச்சரிப்பை வைத்தே அவர்களைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வேலைக்குப் போன இடத்தில் சீனாவிலிருந்து வந்த கொரியர் என்று சொல்லித் தப்பிப்பவர்கள் உண்டு.

ஜெர்மனி சேர்ந்ததே, கொரியா ஏன் சேரவில்லை?

இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளவில்லை. பெர்லின் சுவர் இருந்த காலத்திலும் கடிதம் போனது, பாட்டிமார் பயணம் போனார்கள், கிழக்கில் மேற்கத்தியத் தொலைக்காட்சி தெரிந்தது. கொரியாவில் இதில் ஒன்றும் இல்லை. அப்புறம் கணக்கு: கிழக்கு ஜெர்மானியர் ஒருவருக்கு மேற்கில் நான்கு பேர் இருந்தார்கள். வட கொரியர் ஒருவருக்குத் தெற்கில் இரண்டு பேர்தான், வருமான இடைவெளியோ பல மடங்கு பெரிது. அமெரிக்காவும் சீனாவும் எதிரெதிரே நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் முதல் காரணம் நேருக்கு நேர் நடந்த கொலைகள்தான் என்று நினைக்கிறேன்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. இந்தியா சண்டைப் படை அனுப்பவில்லை, 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கும்போது மருந்துகளையும் கருவிகளையும் விட்டுவிட மனமில்லாமல், கைவிட்டுக் கிடந்த ஒரு நீராவி ரயிலைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

போர் நின்றபின், ஊர் திரும்ப மறுத்த கைதிகளைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்திய ஜெனரல் திம்மையா தலைமையிலான நடுநிலை ஆணையத்திடமும் இந்தியப் படையிடமும் வந்தது. இந்தியச் சிப்பாய் தெற்கு மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சிங்மன் ரீ சொல்லிவிட்டதால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் அவர்களை நேரே எல்லை மண்டலத்தில் இறக்கினார்கள். கடைசியில் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்ற 88 பேர் மிஞ்சினார்கள், 76 கொரியர், 12 சீனர். 1954 பிப்ரவரியில் இந்தியப் படையோடு கப்பலில் அவர்கள் வந்து இறங்கிய இடம் சென்னைத் துறைமுகம். பலர் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள், சிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாயின் நிறுவனர் சுங் ஜு-யுங்கும் இப்போது வடக்கில் இருக்கும் தொங்சோனில் பிறந்தவர். சிறுவயதில் அப்பா மாடு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போனவர். அங்கே முதல் சான்ட்ரோ வெளிவந்த அதே 1998-இல், 82 வயதில், லாரிகளில் 500 மாடுகளோடு பன்முன்ஜோம் வழியாக வடக்கே போனார். சில மாதங்கள் கழித்து இன்னும் 501. எடுத்த ஒரு மாட்டுக்கு ஆயிரம் மாடு வட்டி என்றார்கள்.

இளைஞர்கள் ஒன்றுசேர விரும்புகிறார்களா?

குறைந்துகொண்டே வருகிறது. சோல் தேசியப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வில், இணைப்பு தேவை என்றவர்கள் 2007-இல் நூற்றுக்கு 60-க்கும் மேல், 2024-இல் 40-க்கும் கீழே. இருபதுகளில் இருப்பவர்களிடம் இன்னும் குறைவு. வரி யார் கட்டுவது, வேலை யாருக்குப் போகும் என்று கேட்கிறார்கள். அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகம் பார்க்காத, குரல் கேட்காத உறவுமீது பாசம் வை என்றால் எப்படி வரும்?

வடக்கும் கதவைச் சாத்திவிட்டது. 2023 டிசம்பரில் கிம் ஜோங்-உன், தெற்கு இனி ஒரே இனம் அல்ல, பகை நாடு என்றார். அடுத்த மாதமே பியோங்யாங்கில் இருந்த இணைப்பு வளைவு இடிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தெற்கோடு சேரும் சாலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அப்படியானால் பிரிந்த முதியவர்களுக்கு என்னதான் வழி?

சந்திப்புக்காகத் தென் கொரிய அரசிடம் பதிந்தவர்கள் 1,33,000-க்கும் மேல். அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இப்போது 40,000-க்கும் குறைவு, பெரும்பாலானவர்கள் 80 வயதைத் தாண்டியவர்கள். அரசு அவர்களுடைய மரபணு மாதிரியை எடுத்து வைக்கிறது, காணொளிக் கடிதம் பதிவுசெய்து வைக்கிறது. பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளாவது அடையாளம் காணட்டும் என்பதற்காக. அந்தக் காணொளிகளில் மிகப் பெரும்பாலானவை வடக்கிற்குப் போகவே இல்லை.

அமைதி ஒப்பந்தமும் அணு ஆயுதப் பேச்சும் முடிந்தபிறகு இதைப் பார்க்கலாம் என்று சொல்வது, ஒருபோதும் பார்க்க வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். யார் உயிரோடு இருக்கிறார், யார் எந்த ஆண்டில் இறந்தார் என்ற பட்டியலை மட்டுமாவது இரண்டு அரசுகளும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு உச்சி மாநாடு வேண்டாம், செஞ்சிலுவைச் சங்கங்கள் போதும். முன்பு சந்திப்புகளுக்காகப் பெயர்களைச் சரிபார்த்துக் கொடுத்தவை அவைதான்.